எலி கடித்த நட்சத்திரம்

நேற்று மதியம் கண்ணாடியைப் புதுப் பூச்சுக்கு அனுப்ப இறக்கினோம். கொழும்பிலிருந்து வந்திருந்த பொறியியலாளர் தம்பி தொலைநோக்கியின் அடியில் இருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கண்ணாடி கண்ணில் படுவதற்கு முன்பே தேயிலை வாசம் வந்தது. பல வருஷம் மூடிக்கிடந்த தகர டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த மக்கின வாசம். தம்பி மூக்கை உறிஞ்சிவிட்டு, யாராவது தேநீர் ஊற்றுகிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடி உட்கார்ந்திருந்த தட்டின் ஓரப் பள்ளத்தில் ஒரு சிட்டிகைக் கறுப்புத் தூள் ஒட்டிக்கிடந்தது. எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. முழங்கால் வலி என்று சொல்லி, சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதில் பொய் இல்லை, வலி எப்போதும்தான் இருக்கிறது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. நீ இருந்தபோது எழுத வேண்டிய தேவையும் இல்லை. தொலைநோக்கி இருக்கும் டோமின் வெளிப்படியில் நின்றால் கீழே உங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரை தெரியும். காற்று நம் பக்கம் வீசினால் உன் வீட்டுச் சேவல் கூவுவதுகூடக் கேட்கும். அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடிந்தது என்றால், அது என்னுடைய கெட்டித்தனம்தான். இப்போது எனக்கு எதிலும் அலுப்பு. படியேறுவது அலுப்பு, மேகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது அலுப்பு, பேசாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட அலுப்பு. பங்குனியில் ஓய்வு. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

நாம் இரண்டு பேரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை ஒரே மர வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். உன் கையெழுத்துத்தான் வகுப்பில் நல்ல கையெழுத்து. அதற்குப் பிறகு நான் தலவாக்கலைக்குப் படிக்கப் போனேன். நீ ஃபெக்டரிக்குப் போனாய், தேயிலை சலிக்கும் அறைக்கு. ஏன் நான், ஏன் நீ இல்லை என்று அப்போது யோசிக்கவில்லை. என் அப்பா கொஞ்சம் பிடிவாதக்காரர், உன் அப்பா சீக்கிரம் போய்விட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு திம்புள்ளப் பக்கம் எங்கள் மலை உச்சியில் பல்கலைக்கழகம் ஒரு வான் அவதான நிலையம் கட்டியது. தோட்டத்து ஆட்கள் அதற்கு நட்சத்திர பங்களா என்று பெயர் வைத்தார்கள். நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்தேன், தகுதிகாண் காலத்தில். லயத்தில் பிறந்த ஒருத்திக்கு அங்கே கிடைத்த முதல் உத்தியோகம் அது. எனக்கு முன்பே அங்கே கூட்டிப் பெருக்க நாட்கூலிக்கு வந்திருந்தாய் நீ.

முதல் நாள் எல்லோர் முன்னிலையிலும் கையைக் கட்டிக்கொண்டு "வணக்கம் மிஸ்" என்றாய். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. எல்லோரும் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னைச் சுற்றி ஒரு சுற்று வந்தாய்.

"என்னாடி, சாரி கட்டுனதும் பெரிய மனுஷி ஆயிட்டியா? ஒனக்கு மூக்கு ஒழுகுறப்போ தொடச்சிவிட்டவ நாந்தான். ஞாபகத்துல வச்சிக்க."

அன்றிலிருந்து அது நமக்கு வழக்கமாகிவிட்டது. நாலு பேர் இருந்தால் மிஸ். நாம் மட்டும் என்றால் வாடி, போடி. பொறுப்பாளர் சார் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் கீழே பல்கலைக்கழகத்திலிருந்து வருவார் என்பதால், பெரும்பாலும் வாடி போடிதான். அந்த மூன்று வருஷம் என் உத்தியோகத்திலேயே நன்றாக இருந்த காலம். அதற்குப் பிறகு சம்பளம் கூடியது, பதவி கூடியது, அந்த மாதிரி ஒரு நாள் வரவில்லை.

இந்த மலையில் தொலைநோக்கி வைத்ததே ஒரு பைத்தியக்கார வேலை என்று நீ சொல்வாய். வருஷத்தில் பாதி மூடுபனி, மீதியில் பாதி மழை. ஆனால் தையிலிருந்து பங்குனிவரை வறண்ட காற்று வீசும். கொழுந்துக்கு நல்ல மணம் ஏறுவதும் அப்போதுதான், வானம் கழுவி வைத்த மாதிரி இருப்பதும் அப்போதுதான். ஃபெக்டரிக்கும் நமக்கும் ஒரே சீசன். அந்த மூன்று மாதத்துக்காக மற்ற ஒன்பது மாதமும் கண்ணாடியைக் காப்பாற்ற வேண்டும். அதுதான் நம்முடைய உண்மையான வேலையாக இருந்தது. பெரிய சொளகு அளவுக் கண்ணாடி அது. மேலே பூசிய அலுமினியம் நம் மூச்சுக் காற்றைவிட மெல்லிசு. ஈரம் தங்கினால் அது பூத்துப்போகும், பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் என்று ஒரு மணி கீழே இருந்து வரும். ஒரு வருஷம் அது வரவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன், பதில் வந்தது, மணி வரவில்லை. ஆடி மாத மழை வேறு. ஈரமானியின் முள் மேலே மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அழுதேவிட்டேன்.

நீ முள்ளைப் பார்க்கவில்லை. தொலைநோக்கிக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு, விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தாய்.

"தேயிலத்தூளு வச்சா போதும்டி. அது காத்துல இருக்க தண்ணியெல்லாம் குடிச்சிரும். சலிக்கிற ரூம்ல ஒரு மணி நேரம் தொறந்து வச்சா பதம் போயிரும்னு எங்களப் போட்டுத் திட்டுவாங்க தெரியுமா?"

மறுநாள் காலையில் எட்டுத் துணிப் பொட்டணத்தோடு வந்தாய். பழைய தலையணை உறையை வெட்டிக் கையால் தைத்தவை. தோட்டத்தில் மாதா மாதம் ஆளுக்குக் கொடுக்கும் தேயிலைத் தூளை உன் லயத்தில் எட்டு வீட்டிலும் வாங்கி வந்திருந்தாய். நாலு பொட்டணம் கண்ணாடிக்கு மேலே குழாய்க்குள் தொங்கும்; நாலு பொட்டணம் லயத்து அடுப்படியில் காயும். காலையில் ஒருமுறை, சாயந்தரம் ஒருமுறை மாற்றுவாய். முள் இறங்கியது. எனக்கு நம்பவே முடியவில்லை. எட்டு வீட்டிலும் அந்த மாதம் தேத்தண்ணி வெளுத்துப்போய்த்தான் இருந்ததாம். "ஒன் கண்ணாடிக்குத்தான் இப்ப ராஜ உபசாரம், எங்களுக்கு வெந்நி" என்று கேலி செய்தாய். லயத்து ஆட்களும் ஒரு வகையில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நட்சத்திர பங்களா எங்கள் தூளில்தான் ஓடுகிறது என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பெருமை பேசினார்களாம்.

நான் பதிவேட்டில் ஈரமுறிஞ்சி மாற்றப்பட்டது என்று எழுதினேன். தேயிலை என்று எழுதவில்லை. எழுதினால் சிரிப்பார்கள் என்று பயம். இப்படித்தான், சின்னதில்தான், ஆரம்பமாகிறது.

அந்த மார்கழியில் கீழே இருந்து இரண்டு பேர் வந்து கண்ணாடியைச் சரிபார்த்து, மறுபடியும் இறுக்கிவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரம், வானம் கொஞ்சம் திறந்தது. நான் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். எப்போதும் போல ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாய்.

"என்னாடி இது, ஒன் நட்சத்திரத்த எலி கடிச்சிருக்கு. மூணு மூலையா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் பார்த்தேன், வட்டமாக இல்லைதான். மேல்காற்று குழம்பினால் நட்சத்திரம் அப்படியும் இப்படியும் ஆடும் என்று உனக்கு விளக்கம் சொன்னேன். நீ விடவில்லை. ஆடவில்லை, அசையாமல் மூணு மூலையாகவே நிற்கிறது என்றாய். சரி, எலிதான் என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் நட்சத்திரம் வட்டமாக இல்லை, காற்றுக் குழப்பம் என்று எழுதிவைத்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதாக ஏற்பாடு. நம் தொலைநோக்கியில் படம் எடுத்துப் பார்த்து, பிடித்தால் பெரிய ஆராய்ச்சி ஒன்றை இங்கே நடத்துவார்கள். சார் என்னிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தார், எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று. உனக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. நிரந்தரமாக்கும் பட்டியலில் உன் பெயரைச் சார் சேர்த்திருந்தார், மாதக் கடைசியில் கடிதம் வரும் என்று அவரே சொல்லியிருந்தார். நீ மகளிடம் இனி அம்மாவுக்கு மலையும் இல்லை, அட்டைக் கடியும் இல்லை என்று சொல்லிவிட்டாய்.

அன்று மதியம் மூன்று மணிக்கு மூடியைத் திறந்தோம். ஒரு பொட்டணம் வாய் பிளந்து தொங்கியது. முதல் நாள் பொங்கல் அடுப்பு எரிந்த எரிப்பில், அடுப்போரம் காய்ந்த பொட்டணத்தின் தையல் கருகியிருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்கத் தூள். பஞ்சு பஞ்சாக, கறுப்பாக. விருந்தாளிகள் நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி வேனில் ஏறிவிட்டார்கள் என்று அப்போதுதான் சார் போனில் சொன்னார்.

நீ என் கையைப் பிடித்தாய்.

"தொடாத. தூளுக்குப் பல்லு இருக்கு. ஊதித்தான் எடுக்கணும். நான் ஓடிப்போய் ஃபெக்டரில அமுக்கிக் காத்து ஊதுற ரப்பர் பலூன் வாங்கிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் கைய வச்சிராத."

நீ ஓடினாய். ஒற்றையடிப் பாதையில் உன் தலை இறங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது. போய்வர முக்கால் மணி நேரமாவது ஆகும். நான் பத்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு கீழே கேட்டில் வேன் ஹோர்ன் அடித்தது. அது மரக்கறி வேன் என்று பிறகுதான் தெரிந்தது. லென்ஸ் துடைக்கும் காகிதத்தை எடுத்து, லேசாக, ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். படித்தவள் நான். உலர்ந்த தூசியைத் துடைக்கக் கூடாது என்று புத்தகத்தில் கோடு போட்டுப் படித்தவள். ஒரு சாண் நீளத்துக்குப் பிறை மாதிரிக் கீறல் விழுந்தது. காகிதத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நீ மூச்சு வாங்க வந்து நின்றாய். கண்ணாடியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். மிச்சத் தூளை ஊதி ஊதி எடுத்தாய். வேலை முடிந்ததும் "சரி விடு, ஒரு கோடுதான" என்றாய். நாம் இருவர் மட்டும் இருக்கும்போது உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த கடைசி ஒருமை அதுதான்.

விருந்தாளிகள் எடுத்த படத்தில் ஒரு நட்சத்திரமும் வட்டமாக இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு மரியாதையாகக் கைகொடுத்துப் போனார்கள். சார் கண்ணாடியைத் திறந்து பார்த்தார். கீறலைக் கண்டார், ஓரத்தில் தூளைக் கண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் பல வருஷம் ஓடியாடிக் கொண்டுவந்த தொலைநோக்கி அது. முகம் செத்துப்போய் இருந்தது. நம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். எழுத ஒரு கிளார்க் உட்கார்ந்திருந்தார். தேயிலையை உள்ளே வைத்தது யார் என்று கேட்டார். நீ உடனே, நான்தான் என்றாய். பிறகு, கண்ணாடியைத் துடைத்தது யார் என்று கேட்டார்.

நீ என் பக்கம் திரும்பினாய். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டதும், பதில் தெரிந்தவள் எழுந்திருக்கட்டும் என்று பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாய். நான் ஜன்னலைப் பார்த்தேன். என் தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரத்தில் பனி ஏறிக்கொண்டிருந்தது, அதை இப்போதும் வரைந்து காட்டுவேன். எவ்வளவு நேரம் நீ காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.

"தூளு எங்களது சார். தையல் விட்டுப்போச்சு" என்றாய் கடைசியில்.

நீ துடைத்ததாகச் சொல்லவில்லை. கிளார்க் எழுதிக்கொண்டார். பயிற்சியில்லாத சுத்திகரிப்புத் தொழிலாளி கண்ணாடியைக் கையாண்டதால் சேதம் என்று எழுதி உன் பக்கம் தள்ளினார். கைநாட்டு மைப்பெட்டியையும் கூடவே தள்ளினார். நீ அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த அழகான கையெழுத்தில் முழுப் பெயரையும் எழுதினாய். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

விளக்குமாற்றையும் வாளியையும் இடத்தில் வைத்துவிட்டு, சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். அறையில் நம்மைத் தவிர யாரும் இல்லை. கதவு சாத்தித்தான் இருந்தது.

"வாறேன் மிஸ்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ மலைக்குத்தான் போனாய். ஃபெக்டரியில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தது. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு, டோமுக்குக் கீழே இருக்கிற மலையிலேயே கொழுந்து எடுத்தாய். வழியில் கண்டால் ஒதுங்கி நின்று, வணக்கம் மிஸ் என்பாய். நல்லா இருக்கீங்களா மிஸ், மழை வரும்போல இருக்கு மிஸ். தனியாகக் கண்டாலும் அதுதான். கூட இருப்பவர்கள் உனக்கு என்மேல் எவ்வளவு மரியாதை என்று சொல்வார்கள். நான் தலையாட்டுவேன். என்னைத் திட்டியிருந்தால் ஒரு நாளில் ஆறியிருக்கும். நீ இருபது வருஷத்துக்கு மேல் மரியாதை கொடுத்தாய்.

போன ஐப்பசியில் உனக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு லயத்துக்கு வந்தேன். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நீ கம்பளிக்குள் சின்னதாகக் கிடந்தாய். உன் மகள் அடுப்படியில் இருந்தாள். நான் கொண்டுபோன ஆப்பிளைக் கையில் பிடித்துக்கொண்டே மழையைப் பற்றிப் பேசினேன், பாதை உடைந்ததைப் பற்றிப் பேசினேன். நீதான் கேட்டாய்.

"நட்சத்திரம் இப்ப எப்புடி இருக்கு மிஸ்?"

"எலி கடிச்சபடிதான் இருக்கு" என்றேன்.

சிரித்தாய். சிரிப்பு இருமலாகிவிட்டது. மகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். நான் எழுந்து வந்துவிட்டேன். எட்டு நாளில் நீ போய்விட்டாய்.

நேற்று அந்தப் பொறியியலாளர் தம்பி கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கீறலைக் காட்டி, இதனால்தான் படம் எடுக்கும் வேலை கெட்டது, அதன்பிறகு ஒளியின் அளவை அளப்பதோடு நிறுத்திக்கொண்டோம் என்று, எல்லா மாணவர்களுக்கும் சொல்லும் பாடத்தைச் சொன்னேன். அவர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். இந்தக் கீறல் ஒன்றுமே செய்யாது, இவ்வளவு பெரிய கண்ணாடியில் இதனால் போகும் வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை என்றார். பிறகு பின்பக்கத்தைக் காட்டினார். கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று கொக்கிகளையும் யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். மூன்று பக்கமும் நெரித்தால் கண்ணாடி மிகச் சின்னதாக வளையும். நட்சத்திரம் மூன்று மூலையாகத் தெரியும். அரைத் திருப்பு தளர்த்தியிருந்தால் போதுமாம்.

அலமாரியில் இருந்து பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் வட்டமாக இல்லை. என் கையெழுத்துத்தான். தேதி பொங்கலுக்கு முந்தினது. கீறல் விழுவதற்கு முன்பே எலி கடித்துவிட்டது, நீ கண்டுபிடித்துச் சொல்லியும் விட்டாய், நான் எழுதியும் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அந்தப் பதிவேட்டைத் தூசி தட்டியிருக்கிறேன், அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. உன்னை மலைக்கு அனுப்பியது ஒன்றுக்குமே ஆகாத ஒரு கீறல். அதைச் சொல்ல எனக்குப் பக்கத்தில் யாருமில்லை.

கண்ணாடியை அனுப்ப ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: பழைய சேதங்கள், காரணம், யாரால். இப்போதைய பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, நல்ல பிள்ளை. என் கை அந்தக் கட்டத்தில் நின்றுபோனதைப் பார்த்துவிட்டு, "உது பழைய கதை மிஸ், தெரியாது எண்டு போட்டுவிடுங்கோ" என்றாள். நான் எழுதினேன். உலர்ந்த தூசியை ஊதி அகற்றாமல் காகிதத்தால் துடைத்ததால் வந்த கீறல். துடைத்தது நான். சுத்திகரிப்புத் தொழிலாளி அப்போது அறையில் இல்லை. துடைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். நட்சத்திரத்தின் வடிவம் அதற்கு முன்பே பிழையாக இருப்பதை முதலில் கண்டவரும் அவரே. உன் முழுப் பெயரை எழுதினேன். கட்டம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். அந்தப் பிள்ளை வாசித்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு ஒரு பிரதி எடுத்துத் தந்தாள்.

இன்று காலையில் அதை எடுத்துக்கொண்டு உங்கள் லயத்துக்கு இறங்கினேன். உன் மகள் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே வாசித்தாள். இரண்டாம் தரம் உட்கார்ந்து வாசித்தாள்.

"அம்மா எங்ககிட்டகூட சொல்லலயே மிஸ். கண்ணாடிய ஒடச்சவ மகள்னுதான் என்னைய சொல்லுவாங்க. நானும் அம்மாகூட சண்டைல ஒரு தடவ அதச் சொல்லிக் காட்டிருக்கேன்."

எனக்கு இது தெரியாது. லயத்தில் எட்டு வீடும் தூள் தந்ததல்லவா. பெருமையும் எட்டு வீட்டுக்கு, அவமானமும் எட்டு வீட்டுக்கு. அது மொத்தமும் உன் தலையில் இறங்கியிருக்கிறது, வாசலுக்கு வாசல். நான் மேலே நின்று கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று உன் மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் தாளை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"நான் சொன்னா அம்மாவுக்காகப் பேசுறேன்னு சொல்லுவாங்க. நீங்களே ஒவ்வொரு வீடா படிச்சுக் காட்டுங்க மிஸ்."

படித்துக் காட்டினேன். இரண்டு வீடு பூட்டிக்கிடந்தது, பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்களாம். மற்ற வீடுகளில் வாசலில் நின்று, உத்தியோகத் தமிழில் எழுதினதை நம் பேச்சில் மாற்றிச் சொன்னேன். ஒரு வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு வீட்டில் யாரோ செத்துப்போனதாக நினைத்து வெளியே வந்தார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி தந்தார்கள், நல்ல சாயமாக. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எல்லாவற்றையும் குடித்தேன். கடைசி வீட்டில், உன்னோடு பல வருஷம் கொழுந்தெடுத்தவள், கண் சரியாகத் தெரியாமல் படுத்திருந்தாள். முழுதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அவ ஒன்னப்பத்தி எங்ககிட்ட பேசுனாகூட மிஸ்ஸுன்னுதான் சொல்லுவா. நாங்க மரியாதைனு நெனச்சோம்" என்றாள்.

திரும்பி ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. கைப்பையில், கண்ணாடித் தட்டிலிருந்து நேற்று சுரண்டி எடுத்த தூள் இருக்கிறது, தாளில் மடித்து. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொட்ட மனம் வரவில்லை. கண்ணாடி புதுப் பூச்சோடு தை பிறப்பதற்குள் வந்துவிடும், கொக்கிகளை அளவாக முறுக்குவார்கள், நட்சத்திரம் வட்டமாகத் தெரியும். பங்குனியில் எனக்கு மாலை போட்டு அனுப்புவார்கள். எல்லோரும் மிஸ், மிஸ் என்று நல்லதாக நாலு வார்த்தை பேசுவார்கள். என்னாடி பெரிய மனுஷி என்று கேட்க ஆள் இருக்காது. உன் பெயரைச் சரியான இடத்தில் எழுதிவிட்டேன். உன் வாயிலிருந்து அந்த வாடி போடியை, என் பழைய பெயரை, நான் திரும்ப வாங்கவில்லை. அதை இனி யாரும் எனக்குத் தர முடியாது.